அன்னாசி தின்னாத பக்கம்

கேகாலைப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றின் ஆஸ்பத்திரியில் நான் மருந்து கலக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அன்னாசி பழுக்கிற காலத்தில்தான் காய்ச்சலும் வரும். ஆகவே அன்னாசிதான் காய்ச்சலைக் கொண்டுவருகிறது என்பது தொழிலாளர்கள் வரிசை வீடுகளில் குடியிருக்கும் லயத்து ஜனங்களின் முடிவு. ஆறு வற்றித் தேங்கிய குட்டைகளில் கொசு பெருகிக் காய்ச்சல் கடுமையான வருஷம், வேலியோர அன்னாசிச் செடிகளையெல்லாம் பிடுங்கி எறிந்தார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. வாயால் சொன்னால் கேட்கிற ஆட்களா? சோதித்தே காட்டுகிறேன் என்று கிளம்பினேன்.

ஒரே லயம், குழாய் வழியே மலையிலிருந்து விழும் ஒரே பீலித் தண்ணீர், ஒரே பால்வெட்டு வேலை. அப்படிப் பார்த்து இருபது பேரைச் சம்மதிக்க வைத்துச் சீட்டுக் குலுக்கிப் போட்டேன். பத்துப் பேருக்குத் தினமும் காலைப் பெரட்டில் ஆள் கூப்பிடும்போது என் கண்முன்னே ஒரு துண்டு அன்னாசி. மற்றப் பத்துப் பேர் ஒரு மாதம் அதைத் தொடவே கூடாது. பால்வெட்டுக்குப் போகிற என் மனைவியும் அந்த இருபதில் ஒருத்தி; அவளுக்கு விழுந்தது தின்னாத பக்கம். அவளுக்கோ அன்னாசி என்றால் உயிர்.

"எஞ் சீட்ட மட்டும் மாத்திக் குடுங்களேன்," என்றாள்.

"ஊருக்கு ஒரு நியாயம், பொண்டாட்டிக்கு ஒரு நியாயமா?" என்று சிரித்தேன். அந்தச் சிரிப்பில் எனக்கு எவ்வளவு பெருமை! நான் பழம் நறுக்கும்போதெல்லாம் அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

நாலாம் வாரம் இரண்டு பக்கத்திலும் ஒரே மாதிரி ஆட்கள் காய்ச்சலில் விழுந்தார்கள். அவளும் படுத்தாள். கொய்னா மருந்து கொடுத்தும் காய்ச்சல் இறங்கவில்லை. கஞ்சியைத் தள்ளிவிட்டாள்.

"வாயெல்லாம் கசக்குதுங்க. ஒரே ஒரு துண்டு குடுங்க."

"இன்னும் அஞ்சு நாளுதான் புள்ள. பொறுத்துக்க. அப்பறம் முழுப் பழமும் ஒனக்குத்தான்."

சரியென்று தலையாட்டினாள். மூன்றாம் நாள் மத்தியானம் போய்விட்டாள்.

பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரி அழுதுகொண்டே சொன்னாள்: "நீங்க ஆஸ்பத்திரிக்குப் போனப்ப நான் ஒரு துண்டு கொண்டாந்தேங்கய்யா. வேணாக்கா, அவரு சோதன கெட்டுப்போயிரும்னு சொல்லிட்டா."

சோதனை ஜெயித்தது. அன்னாசிமேல் பழியில்லை என்று லயமே ஒப்புக்கொண்டு செடிகளை மறுபடி நட்டது. அதற்கப்புறம்தான் என் மண்டையில் உறைத்தது. தின்னாதவளுக்கும் காய்ச்சல் என்று அவள் படுத்த அன்றைக்கே நான் எழுதிவிட்டேன். அவள் பங்குச் சோதனை அதோடு முடிந்துபோயிற்று. பிறகு ஒரு துண்டு என்ன, ஒரு கூடை பழம் தின்றிருந்தாலும் எதுவும் கெட்டிருக்காது.