தூர தேசத்துத் தலைவரும் ஆண்டிமடத்து மாமாவும்

தூர தேசத்துத் தலைவர் ஒருவருக்கு உலகத்தின் பெரிய சமாதானப் பரிசைக் கொடுத்தது சரியா தப்பா என்று தீர்மானிக்கும் பொறுப்பு ஒரு வருஷம் எங்கள் ஊர் தலையில் வந்து விழுந்தது. கல்லங்குறிச்சிக்குப் பக்கத்தில், அரியலூர் பஸ் வந்து திரும்பிப் போகிற கடைசி ஊர் எங்களுடையது. ரேடியோவில் செய்தி வந்த நாளிலிருந்து டீக்கடையில் அதே பேச்சு. நேற்றுவரை பக்கத்து நாட்டோடு சண்டை போட்ட மனுஷர், விமானம் ஏறி அந்த நாட்டுக்கே போய்ச் சமாதானம் பேசியிருக்கிறார். அதற்குப் பரிசு. தகுதி உண்டு என்று பாதிப் பேர், இல்லவே இல்லை என்று பாதிப் பேர். அந்த நாடு எந்தத் திசையில் இருக்கிறது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. இளைஞர் மன்றத்துக்காரர்கள் காணும் பொங்கலன்று மத்தியானம் இதையே பட்டிமன்றமாக வைத்துவிட்டார்கள்.

'உண்டு' அணிக்கு அப்பா தலைவர். 'இல்லை' அணிக்கு ஆண்டிமடத்திலிருந்து மாமாவை வரவழைத்தார்கள். மாமா அம்மாவுக்கு அண்ணன். முந்திரிக்கொல்லை வைத்திருந்தார். வாய் திறந்தால் கூட்டம் கலையாது. அவருக்கும் அப்பாவுக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பது ஊருக்கே தெரியும், மன்றத்துக்காரர்களுக்கு மட்டும் தெரியாதாம்.

சண்டை என் தம்பியின் காதுகுத்தில் வந்தது. சீர்த்தட்டோடு வந்து இறங்கிய தாய்மாமனை அப்பா வாசலில் நின்று 'வாங்க' என்று கேட்கவில்லை. பந்தல்காரரோடு கத்திக்கொண்டிருந்ததில் கவனிக்கவில்லை என்பது அப்பா கட்சி. கவனித்துவிட்டுத்தான் திரும்பிக்கொண்டார் என்பது மாமா கட்சி. தம்பியை மடியில் வைத்துக் காது குத்தி, முறையில் ஒன்றும் குறை வைக்காமல், எங்கள் வீட்டில் கை மட்டும் நனைக்காமல் மாமா போய்விட்டார்.

அதோடு அம்மாவுக்குப் பிறந்த வீடு இல்லை என்று ஆனது. அக்கம்பக்கத்தில் அண்ணன் தம்பிமார் பொங்கல் சீர் கொண்டுவந்து இறக்கும்போது அம்மா வேலையிருப்பதுபோல அடுப்படிக்குள் போய்விடுவாள். எனக்கும் ஏக்கம்தான். கோடை லீவில் மாமாவின் கொல்லையில் முந்திரிப்பழம் கடித்துச் சாறு பட்ட ஒரு பாவாடை என்னிடம் இருந்தது. அந்தக் கறை எந்தச் சோப்புக்கும் போகாது. பாவாடை முழங்காலுக்கு ஏறிய பிறகும் அதை யாருக்கும் கொடுக்க விடவில்லை.

பட்டிமன்றத்தன்று மாமா கையில் ஒரு பெரிய துணிப்பையோடு வந்தார். மேடையில் நாற்காலிக்கு அடியில் அதை வைத்துக்கொண்டார். பையின் வாயில் மஞ்சள் கொத்தின் இலை நீட்டிக்கொண்டிருந்தது. பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா அந்த இலையைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை.

அப்பா எழுந்து, "எதிரணித் தலைவர் அவர்களை வருக வருக என வரவேற்கிறேன்" என்று ஆரம்பித்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு தடவை கேட்காததை இரண்டு தடவையாகக் கேட்டுவிட்டாரே, இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். அப்பா அன்று பிரமாதமாகப் பேசினார். "வீராப்பைக் கழட்டி வச்சிட்டு எதிராளி வாசலுக்கு நம்மளே போறது லேசுப்பட்ட காரியமா? அந்த ஒண்ணுக்கே பரிசு குடுக்கலாம்!"

கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. "அப்ப நீங்க ஆண்டிமடம் எப்பங்க போறீங்க?"

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அப்பா சோடாவைக் குடித்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

மாமா சிரிக்கவில்லை. மெதுவாகத்தான் பேசினார். "சண்டை போட்டவரும் அவரு, சமாதானம் ஆனவரும் அவரு. ரெண்டுக்கும் அவருக்கே மாலை. இவங்க முறைச்சிக்கிட்டு நின்ன அத்தனை நாளும் நடுவுல கெடந்து அழுதவங்க இருக்காங்களே, அவங்களுக்கு யாரு என்ன குடுத்தா? பரிசு வாங்குறதுக்கு ஒரு கூச்சம்கூட வேணாமாங்க?"

பெண்கள் பக்கம் அவர் திரும்பவே இல்லை. அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். யாரோ ஒரு வெளிநாட்டுக்காரருக்காக இப்படி அழுகிறாளே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

நடுவராக இருந்த ஹெட்மாஸ்டர் 'தகுதி உண்டு' என்று தீர்ப்புச் சொல்லி, அப்பாவுக்குத் துண்டு போர்த்தினார். கூட்டம் எழுந்தது, ஆனால் நகரவில்லை. மாமா மேடைக்குக் கீழே செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். ஒரு செருப்பு மாட்ட அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்ட மனுஷரை நான் பார்த்ததில்லை. 'வீட்டுக்கு வாங்க' என்று ஒரு வார்த்தை போதும். அப்பா ஹெட்மாஸ்டரோடு மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

மாமா பையை எடுத்துக்கொண்டு போய் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தார். அப்போதுதான் அம்மா எழுந்தாள். ஆம்பிளைக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு, அப்பாவைத் தாண்டி, நேரே பஸ்ஸுக்குப் போனாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

"குடுண்ணே."

"மாப்ள ஒண்ணும் சொல்லமாட்டாரா?"

"அது என் பாடு. நீ குடு."

ஜன்னல் வழியாகப் பை இறங்கியது. நல்லாயிருக்கியா என்று அவர் கேட்டார், இருக்கேன் என்று இவள் சொன்னாள். அதற்குள் டிரைவர் டீ குடித்துவிட்டு வந்துவிட்டார்.

வீட்டில் அன்று இடி விழும் என்று நான் நடுங்கிக்கொண்டிருந்தேன். ஒன்றும் விழவில்லை. மறுநாள் அந்தப் பையில் வந்த பச்சரிசியில் பொங்கிய பொங்கலை அப்பா இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அரிசி எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியாது என்றே நான் நம்பினேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு காணும் பொங்கலுக்கும் மாமா பையோடு பஸ்ஸில் வந்தார். இறங்க மாட்டார். டிரைவர் டீ குடித்து முடிக்கிறவரை அம்மா ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். என் கையையும் ஜன்னலுக்குள் இழுத்து மாமா சும்மா வைத்துக்கொண்டிருப்பார். அவர் கையில் முந்திரிக்கொட்டை எண்ணெயின் கறுப்பு ஏறியிருக்கும். கடைசிவரை அவர் எங்கள் வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கவில்லை. இன்றைக்கும் விருந்தாளி யாருக்காவது இலை போட்டால் எனக்கு அவர் ஞாபகம்தான் வருகிறது. அவருக்கு ஒரு நாள் பரிமாறியிருக்கலாம்.

அந்தக் காணும் பொங்கல் நாட்களில் அப்பா ஊரில் இருக்கமாட்டார். மாமா வருகிற பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸில், "டவுனுக்குப் போயி உரம் வாங்கிட்டு வரேன்" என்று கிளம்பிவிடுவார். இருட்டிய பிறகு வெறுங்கையோடு திரும்புவார். மாமா முகத்தில் விழிக்கக்கூடப் பிடிக்காத கல்நெஞ்சுக்காரர் என்று நான் அவரோடு இரண்டு நாள் பேசமாட்டேன். காணும் பொங்கலன்று அரியலூரில் உரக்கடை எதுவும் திறந்திருக்காது என்பது எனக்கு அப்போது தோன்றவே இல்லை.