லட்சுமணன் எழுதிய நிபந்தனை

லட்சுமணன் இறந்துவிட்டார். வெள்ளிமலையில், நேற்று காலை. மாரடைப்பு என்கிறார்கள்... சாகிற வயதே இல்லை.

கள்ளக்குறிச்சியில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் ஆபீஸ். மூன்று வருடம் அவரும் நானும் பக்கத்துப் பக்கத்து சீட்.

கோட் அடிப்பதற்கு முன்னால் நோட்டில் எழுதுவார். இது ஓடும் முன் எது உண்மையாக இருக்க வேண்டும், ஓடிய பின் எது, எப்போதுமே எது மாறக் கூடாது... கணக்குக் குறிகளாகப் பக்கம் பக்கமாக.

"இன்னாங்க, இன்னைக்கும் பத்திரம் எழுதிக்கினு இருக்கீங்களா?" நான்தான் அதிகம் கிண்டல் செய்வேன். சிரிப்பார், ஆனால் நிறுத்த மாட்டார்.

மலைக்கு ஜீப் புக் செய்யும் ஆப் ஒன்று வந்தது. எல்லா வண்டிக்கும் பொதுவான கோட் அச்சு 'வண்டி' என்ற கிளாஸ். அதற்கு அவர் நோட்டில் எழுதிய ஸ்பெக்கில், அதாவது விதிகளில், ஒரு நிபந்தனை: டிரைவர் ஒப்புக்கொண்ட பிறகுதான் 'வண்டி வருகிறது' என்று காட்ட வேண்டும்.

அதன் பிள்ளையாக, அதே விதிகளோடு வர வேண்டிய 'மலை ஜீப்' கிளாஸை எழுதியது நான். மலைப்பாதையில் சிக்னல் இருக்காது, டிரைவரின் பதில் வர லேட்டாகும். டெமோ நன்றாகத் தெரியட்டுமே என்று, பதில் வராமலே 'வருகிறது' என்று காட்ட வைத்தேன்.

பார்த்துவிட்டார். "அப்பன் கிளாஸ் குடுத்த வாக்க புள்ள கிளாஸ் மீறக் கூடாதுங்க. ஜாஸ்தியா செய்யலாம், கம்மியா செய்யக் கூடாது."

"டெமோ முடிஞ்சதும் மாத்திடறேங்க" என்றேன். மாற்றவில்லை. மறதிகூட இல்லை, சோம்பேறித்தனம்.

ஆப் மலையில் ஓட ஆரம்பித்த பிறகு ஒரு நாள், கரியாலூர் பக்கம் கால் உடைந்த ஒருவரைக் கட்டிலோடு ரோட்டுக்குத் தூக்கி வந்து, சாயங்காலம் வரை காத்திருந்தார்கள். போனில் 'வண்டி வருகிறது'. எந்த டிரைவருக்கும் தகவலே போகவில்லை. அவருக்கு அந்தக் காலை இன்னும் சரியாக ஊன்ற முடியாது.

மீட்டிங்கில் ஓனர் கேட்டார், "ஸ்பெக் யாருது?"

"என்னுதுங்க சார்." சொல்லிவிட்டு லட்சுமணன் என்னைப் பார்த்தார். நான் ஸ்கிரீனைப் பார்த்தேன்.

தப்பு ஸ்பெக்கில்தான் என்று முடிவு கட்டி, அந்த மாதமே அவரை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். படிக்கட்டில் என்னிடம், "நீங்களே சொல்லுவீங்கன்னு பார்த்துக்கினு இருந்தேங்க" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

ஊருக்குப் போய் சாமை விதைத்தார். அங்கேயும் "ஜீப்பு வருதுன்னு ஏமாத்துனவன்" என்று அவரைத்தான் பேசினார்களாம். அது தெரிந்தும் நான் போகவில்லை... நான் இருக்கும் எலவனாசூர்கோட்டையிலிருந்து என்ன பெரிய தூரம். பயம், வேறென்ன.

மலைக்காரர்கள் யாராவது இதைப் பார்த்தால் அவர் வீட்டில் படித்துக் காட்டுங்கள், கால் உடைந்தவர் வீட்டிலும். லட்சுமணன் எழுதியது சரி. மீறியது நான்.

இதைக்கூட நீங்கள் இருக்கும்போது சொல்லவில்லை. நல்லபடியாகப் போங்கள், லட்சுமணன்.