முந்தானைக்குப் பின்னால் இருந்த முகம்

என் கற்பனை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். அந்தப் பிரிண்டை என் முதலாளி பார்த்தார். அதற்கு ஃபிரேம் போட்ட கடைக்காரர் பார்த்தார். மயிலத்தில் கல்யாணத்துக்கு வந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். நடந்தது நிஜம். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

பேய்க்கதை சொல்கிறவர்கள் பயந்ததைச் சொல்வார்கள். நானும் பயந்தேன். ஆனால் இன்றைக்கும் என்னை விடாமல் இருப்பது பயம் இல்லை. கூச்சம்.

2012, ஆடி அமாவாசை. விழுப்புரம் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு டிடிபி கடையில் நான் வேலை பார்த்தேன். கல்யாணப் பத்திரிகை அடிப்பது, செத்தவர்கள் போட்டோவைப் பெரிசாக்கிக் கொடுப்பது, இதுதான் வேலை. முதலாளி மணிமாறன் மேல்மலையனூர் கோயிலுக்குப் போய்விட்டார். கடையில் நான் மட்டும்.

மத்தியானம் ஒரு பெண் வந்தாள். பெயர் அம்சா. காணைப் பக்கத்துக் கிராமம். இருபது வயது இருக்கும். பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தாள். உள்ளே பழுத்துப்போன செய்தித்தாள் துண்டு.

"அக்கா, ஆவணில எனக்குக் கல்யாணம். அம்மா போட்டோ வச்சி கும்புடணும். இது ஒண்ணுதான் கீது."

1994-ஆம் வருஷத்துப் படம். நான்கு பெண்கள் சுவரோரமாக நிற்கிறார்கள். சாராயம் விற்றதாகப் பிடிபட்டவர்கள் என்று கீழே போட்டிருந்தது. பெயர்களும் இருந்தன. மூன்றாவது, சௌந்தரம்.

அந்த மூன்றாவது பெண்ணுக்கு முகமே இல்லை. முந்தானையை இழுத்து நெற்றி வரைக்கும் மூடியிருந்தாள். துணியை இறுக்கிப் பிடித்த கைதான் தெரிந்தது. மற்ற மூவரும் தரையைப் பார்த்தார்கள்.

"முகம் தெரியலையேம்மா."

"அது எனக்கும் தெரியும்க்கா. மத்த போட்டோ எல்லாத்தையும் அப்பா கொளுத்திட்டாரு. எனக்கு ரெண்டு வயசுல அம்மா பூட்டாங்க. அம்மா கூடப் பொறந்த சித்திதான் வளத்தாங்க. இது பெரியப்பா வூட்ல இருந்துச்சி. சித்திக்குத் தெரியாது." துண்டை என் பக்கம் நகர்த்தினாள். "நெத்தியாவது வருமாக்கா?"

முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாய் வரவில்லை. பார்க்கிறேன் என்றேன். பட்டுப்புடவைக்கு ரவிக்கை தைக்கக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று போனாள்.

பேப்பர் படத்தை ஸ்கேன் பண்ணுவது பேஜாரான வேலை. அது முழுக்கப் புள்ளிகள். அப்படியே எடுத்தால் லுங்கிக் கட்டம் மாதிரி கோடு விழும். பின்பக்கத்து எழுத்தும் தெரியும். அதனால் பின்னால் ஒரு கறுப்பு அட்டையை வைத்துக் கண்ணாடியில் கவிழ்த்தேன். மூடியை அழுத்தினேன்.

ர்ர்ர்ர்... விளக்கு நகர்ந்தது.

முதல் ஸ்கேனில் முகம் மூடித்தான் இருந்தது. கட்டம் கட்டமாகக் கோடு. ரெசல்யூஷனைக் கூட்டி மறுபடி எடுத்தேன்.

நெற்றி தெரிந்தது.

நெற்றி மட்டும் இல்லை. கண்களும். மூடிய கண்கள்.

சரியாகப் பார்க்காமல் விட்டுவிட்டேன் போல என்று நினைத்தேன். மூடியைத் திறந்து பேப்பரை எடுத்துப் பார்த்தேன். அதில் முந்தானை நெற்றி வரைக்கும் அப்படியே இருந்தது.

கண்ணாடியைத் துடைத்தேன். மூன்றாவது முறை எடுத்தேன்.

முந்தானை மூக்கு வரை இறங்கியிருந்தது. கண்கள் திறந்திருந்தன.

நேராக என்னைப் பார்த்தன.

மூடியைத் தூக்கினேன். கண்ணாடியில் ஒரே ஒரு இடத்தில் ஆவி படிந்திருந்தது. கண்ணாடிக்கு நெருக்கமாக வைத்து யாரோ மூச்சு விட்ட மாதிரி. மூன்றாவது பெண் இருந்த இடம்.

பேப்பர் காய்ந்துதான் இருந்தது.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. இன்னும் ஒரு தடவை எடுத்தால் முகம் வந்துவிடும்... அதுதான் மனதில் ஓடியது. பட்டனை அழுத்தினேன்.

விளக்கு கிளம்பியது. பாதியில் கரண்ட் போனது.

ஃபேன் நின்றது. கம்ப்யூட்டர் யு.பி.எஸ்.ஸில் கீக் கீக் என்று கத்தியது. ஸ்கேனருக்கு அந்த லைன் கிடையாது. அது நின்றிருக்க வேண்டும்.

ர்ர்ர்ர்...

நகர்ந்துகொண்டே இருந்தது.

மூன்றாவது பெண் இருக்கும் இடத்தில் நின்றது. ரொம்ப நேரம் நின்றது. பிறகு நகர்ந்தது.

திரையில் படம் மேலிருந்து இறங்கியது.

முழு முகம்.

முந்தானை கழுத்தில் கிடந்தது. இருபத்திரண்டு வயதுகூட இருக்காது. உதடு லேசாகத் திறந்திருந்தது. ஏதோ சொல்ல வந்த மாதிரி...

மற்ற மூன்று பெண்களும் இப்போது தரையைப் பார்க்கவில்லை.

அவளைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் கத்தவில்லை. கூசிப்போனேன். ஊரே பார்க்கிறது என்று முகத்தை மூடிக்கொண்டு நின்ற ஒருத்தியின் முந்தானையை, நானே கையால் பிடித்து இழுத்த மாதிரி இருந்தது. நானும் ஒரு பெண்தானே. தலை தானாகக் குனிந்துகொண்டது.

அந்த நேரம் பார்த்து அம்சா உள்ளே வந்தாள். திரையைப் பார்த்தாள். அப்படியே நின்றாள்.

"எங்கம்மாவா?"

நான் நாற்காலியை விட்டு எழுந்து வழி விட்டேன்.

"என்ன மாரியே கீறாங்க இல்லக்கா? எப்டி எடுத்தீங்க?"

"சாஃப்ட்வேர்ல வந்துச்சு" என்றேன். பொய். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கரண்ட் வந்ததும் மற்ற மூவரையும் வெட்டிவிட்டு அந்த முகத்தை மட்டும் பிரிண்ட் போட்டேன். மறுநாள் முதலாளி பார்த்துவிட்டு, "பேப்பர் படமா இது? சூப்பரா வந்துகீதே" என்றார். அந்தப் பாராட்டை எங்கே கொண்டு வைப்பது என்று தெரியவில்லை.

மயிலத்தில் கல்யாணம். அம்சா விடாமல் கூப்பிட்டதால் போனேன். மணமேடைக்குப் பக்கத்தில் நாற்காலியில் சௌந்தரம் படம், மாலையோடு. வந்தவர்கள் எல்லாம் கும்பிட்டார்கள். அம்சாவின் சித்தி சின்னபொண்ணு மட்டும் தாலி கட்டி முடியும்வரை அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

நான்கு நாள் கழித்து அந்தச் சித்தி கடைக்கு வந்தார். முதலாளி டீ குடிக்கப் போகும்வரை வெளியிலேயே நின்றிருந்தார்.

"பேப்பர்ல மூஞ்சி தெரிஞ்சிதாம்மா?"

"சாஃப்ட்வேர்ல..."

"பொய் சொல்லாத."

நான் நடந்ததையெல்லாம் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து, தரையைப் பார்த்தபடி பேசினார்.

"பாண்டிலேர்ந்து சாராயம் எடுத்துக்கினு வந்தப்ப புட்ச்சாங்க. பேரு கேட்டாங்க. எனக்கு அப்ப கண்ணாலம் பேசிக்கினு இருந்தாங்க. பேரு கெட்டுடுமேன்னு அக்கா பேர சொல்லிட்டேன்."

எனக்கு உடனே புரியவில்லை.

"பேப்பர்ல அவ பேரு வந்துச்சி. மாமா லாரி எடுத்துக்கினு ஆந்திரா பக்கம் போயிருந்தாரு. வந்து பேப்பரப் பாத்துட்டு அடிச்சாரு. 'நான் வாசலத் தாண்டல'ன்னு அவ அழுதா. என்னயே பாத்துக்கினு அழுதா. நான் வாயத் தொறக்கல. அந்த வாரமே மருந்து குட்ச்சிட்டா. அப்புறம் எனக்கு எதுக்கும்மா கண்ணாலம்? கொழந்தயத் தூக்கிக்கினு வந்துட்டேன்."

"அம்சாவுக்குத் தெரியுமா?"

இல்லை என்று தலையசைத்தார்.

"நீ எடுத்துக் குடுத்தது எங்க அக்கா மூஞ்சிதான். அதே கண்ணு."

"அப்போ... அந்தப் பேப்பர்ல முகத்த மூடிக்கிட்டு நிக்கிறது?"

அவர் முந்தானையை இழுத்து நெற்றி வரைக்கும் மூடிக்கொண்டார். துணிக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

"நான்தாம்மா. அக்கா அன்னிக்கு அந்த எடத்துக்கே வரல. வூட்ல அம்சாவத் தூளில போட்டு ஆட்டிக்கினு இருந்தா."