பெருவிரல் வெளியே

படியைக் குலுக்கமாட்டாள், அமுக்கமாட்டாள். சாக்கிலிருந்து அள்ளிய அரிசி விளிம்புக்கு மேல் கூம்பி நிற்கும்போதே மரக்கோலை எடுத்து ஒரே இழுப்பில் வழித்துவிடுவாள். ஒரு மணிகூட மேலே மிச்சம் நிற்காது. நிவாரணக் கிடங்கு வரிசையில் அவளுக்கு வைத்த பெயர் தலைதட்டி.

"உழக்குக்குள்ள கிழக்கு மேற்கு பாக்கறவ" என்பார்கள், அவள் காதில் விழும்படியே. அவளுக்கும் வாய் குறைச்சலில்லை. "கூம்பு வேணும்னா மணல்மேட்டப் போய்ப் பாரு. இங்க அரிசிதான்."

வரிசையின் கண்ணெல்லாம் அவள் பெருவிரலில் இருக்கும். அளக்கிற தொழிலில் அது பழைய திருட்டு: படியைப் பிடிக்கிற சாக்கில் விரலை உள்ளே விட்டால், விரலளவு அரிசி அளப்பவருக்கு மிச்சம். அதனால் படியை வெளிப்புறமாக அணைத்து, பெருவிரலைத் தனியே தூக்கிக் காட்டிக்கொண்டுதான் அளப்பாள். "நல்லாப் பாத்துக்க, வெளியதான் இருக்கு. அப்புறம் வயித்தெரிச்சல் படாத."

அள்ளிக் கொடுக்க அவளுக்கு மட்டும் ஆசையில்லையா? வெள்ளம் வந்துபோன புதிதில் கூம்பு கூம்பாகத்தான் கொடுத்தாள். படியளக்கிற மகராசி என்றார்கள். கடைசியில் நின்ற கடிகாரக் கடைக்காரர் வெறும் பையை உதறிக் காட்டிவிட்டுப் போனார். அடுத்த முறை வரிசைக்கு அவர் வரவேயில்லை. அதற்குப் பிறகுதான் அவள் கையில் கோல் ஏறியது.

கிடங்குக்காரர் தலையை எண்ணித்தான் அரிசியை நிறுத்து வைப்பார். பெரியவர்களுக்கு ஆளுக்கு ஒரு படி. மடிக்குழந்தைக்கு அதில் எட்டில் ஒன்று, ஓர் ஆழாக்கு. யாராவது செத்துப்போனால் அந்தத் தலையை உடனே கழித்துவிடுவார். கடைசியில் அரிசி குறைந்தால் அளந்தவளுக்கு வேலையும் போகும், அவள் பங்கும் போகும்.

இன்றைக்கு வரிசையில் அவள் தங்கை வந்தாள். இடுப்பில் குழந்தை இல்லை. முந்தாநாள் காய்ச்சலில் போன அந்தக் குழந்தையைத் துணியில் சுற்றிக் கொடுத்ததே அளக்கிற இந்த அக்காதான்.

"எப்பவும் போல அளந்து போடுக்கா" என்றாள் தங்கை.

தங்கைக்கு ஒரு படி, அவள் புருஷனுக்கு ஒரு படி. இரண்டையும் தலை தட்டிக் கவிழ்த்தாள். விரித்த பை மடங்கவில்லை.

"ஆச்சுடி."

"சின்னவளுக்கு?"

பசிக்குத்தான் கேட்கிறாளா, அந்தச் சின்னப் பாத்திரம் இன்னும் ஒருமுறை தன் பைக்குள் கவிழ்வதைப் பார்க்கக் கேட்கிறாளா, தெரியவில்லை. பெற்ற வயிறு. ஒரு பெருவிரலுக்காகச் சண்டைக்கு வருகிற வரிசை வாயைத் திறக்கவில்லை. பின்னால் நின்றவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கிடங்குக்காரர் வாசலில் லாரிக்காரனோடு சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

ஆழாக்கை எடுத்து நிரப்பினாள். கோலைத் தொட்ட கை திரும்பிவிட்டது. கூம்பாகவே பையில் கவிழ்த்தாள். தங்கை பையைச் சுருட்டி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனாள்.

அதற்குப் பிறகு வந்தவர்களுக்கெல்லாம் வழக்கம்போலத் தலை தட்டினாள். கடைசியில் நின்றவருக்கும் முழுப் படி கிடைத்தது. இனி அவள் பங்கு மட்டும்தான் பாக்கி. கிடங்குக்காரர் பக்கத்தில் வந்து நின்றார்.

"ம், உன்னுதையும் அளந்துட்டு சாக்க உதறு. படி நெறைஞ்சாத்தான் கணக்கு சரி."

நிறையாது என்று அவளுக்குத் தெரியும். படியை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். பெருவிரலை எப்போதும்போல் வெளியே தூக்கி நிறுத்தினாள். மற்ற நான்கு விரல்களையும் படிக்குள் ஆழ இறக்கி, அவற்றின் மேல் சாக்கைக் கவிழ்த்து, கோலை எடுத்துத் தலை தட்டினாள்.