ரொட்டிக்குக் கட்டுப்பட்ட பௌலர்

போன வாரம் நல்ல மழை. போர்ட் பிளேயரை ஒட்டிய கராச்சர்மாவில் எங்கள் வீட்டு முன்னால் பஸ் நிற்கும் இடத்தில் முழங்கால் வரை தண்ணீர். பயிற்சி முடிந்து நனைந்துகொண்டே வந்த மகள், தலையைக்கூடத் துவட்டாமல் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். மெயின்லேண்டில் ஒரு பெண்கள் அணி அவளைச் சேர்த்துக்கொள்கிறதாம். பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டுமாம். சீசன் இல்லாத மாதங்களில் எந்த ஊரில் தங்க வேண்டும், எந்த மைதானத்தில் பயிற்சி, கால் முறிந்தால் யார் பொறுப்பு என்று ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாகப் போய்க்கொண்டே இருந்தது.

"படிச்சுட்டுத்தான் போடுவேன்" என்றேன்.

"அம்மா, அத யாருமே படிக்க மாட்டாங்க. கீழ போயி சைன் பண்ணு, கதம்."

எங்கள் வீட்டில் எல்லாமே 'கதம்'தான், முடிந்தது கதை. தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளை. கோபம் வந்தால் மட்டும் முழு ஹிந்தி. இருந்தாலும் நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தேன். நடுவில் ஒரு வரியில் மாட்டிக்கொண்டேன். சீசன் இல்லாத காலத்தில் வீராங்கனையின் சாப்பாடு அவருடைய சொந்தப் பொறுப்பு என்று இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு போய்விட்டது. ஏனென்றால், எனக்குத் தெரிந்த ஒரே கிரிக்கெட் ஒப்பந்தத்தில் சாப்பாட்டைத் தவிர வேறு எதுவுமே கிடையாது.

நான் கல்யாணத்துக்கு முன்னால் வடக்கே மாயாபந்தரில், கப்பல் வந்து நிற்கும் ஜெட்டிக்குப் போகும் வழியில் ஒரு எஸ்டிடி பூத்தில் வேலை பார்த்தவள். கண்ணாடி அறை, அதற்குள் போன், வெளியே ஒரு ஸ்டூலில் நான், என் பக்கத்தில் பில் அடிக்கும் மிஷின். பூத்துக்கு முன்னால் தகரம் இறக்கிய வராந்தா. மழைக்காலத்தில் ஊரில் கிரிக்கெட்டே கிடையாது. ஆனால் கிரிக்கெட்டின் அத்தனை வேலையும் மழைக்காலத்தில்தான் நடக்கும், அதுவும் என் வராந்தாவில். ஆடுகிற மாதங்களில் பையன்கள் ஆடுவார்கள், அவ்வளவுதான். யார் எந்த அணிக்கு, எந்த மைதானம், எந்த மைதானத்துக்கு எந்தக் கப்பலில் வருவது என்பதெல்லாம் மழை கொட்டும்போது டீ குடித்துக்கொண்டே முடிவாகும். எனக்குக் கிரிக்கெட் சுத்தமாகத் தெரியாது. எல்பிடபிள்யூ என்றால் ஏதோ சர்க்கார் டிபார்ட்மென்ட் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். ஆனால் ஊரில் எந்தப் பையன் எந்த அணியோடு பேசிக்கொண்டிருக்கிறான் என்பது கேப்டனுக்கு முன்னால் எனக்குத் தெரியும். கேப்டன் என் அண்ணன்தான்.

வெளியூர் ஆட்டக்காரர் ஒருவரை அணிக்குக் கொண்டுவந்தால், எங்கள் ஊரில் அவருக்குத் தருவதற்குப் பணம் கிடையாது. அதனால் 'பாரி' போட்டார்கள். பாரி என்றால் முறை. மழைக்காலம் முழுவதும் ஒவ்வொரு நாளும் ஒரு வீட்டில் அவருக்குச் சாப்பாடு. திங்கள்கிழமை வங்காளிகளான பிஸ்வாஸ் தாதா வீட்டில் மீன் ஜோல், அதாவது மீன் குழம்பு. செவ்வாய் ராஞ்சிக்காரர்கள் வீடு. புதன்கிழமை பர்மாவிலிருந்து வந்த கரேன்காரர்களான எஸ்தர் அக்கா வீட்டில், புளிக்கவைத்த மீன் விழுதான நப்பி போட்ட கீரைக் குழம்பு. அந்த வாசனைக்குப் புதிதாக வந்தவர்கள் முதல் வாரம் ஓடுவார்கள், இரண்டாவது வாரம் தட்டை நீட்டுவார்கள். வியாழக்கிழமை எங்கள் வீடு. இப்படி மழை முழுக்க எங்கள் ஊர்ச் சோற்றைச் சாப்பிட்டவர், வெயில் வந்ததும் வேறு ஊருக்கு ஆட மாட்டார். எழுத்து இல்லை, சாட்சி இல்லை. அணியை விட்டுப் போவதென்றால் அதற்கும் ஒரு வழி இருந்தது. பாரி போட்ட எல்லா வீட்டிலும் கடைசியாக ஒருமுறை உட்கார்ந்து சாப்பிட வேண்டும். சாப்பிட்டால் விடுதலை. யாரும் குறை சொல்லக் கூடாது.

அப்படி வந்தவர்தான் மருதை. இடதுகைப் பந்துவீச்சாளர். கச்சால் தீவில் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டு, கச்சாலில் குடியேற்றப்பட்ட குடும்பம். சுனாமி அலை வந்த அன்று அவர் போர்ட் பிளேயரில் ஆடிக்கொண்டிருந்தார். வீட்டில் இருந்தவர்கள் ஒருவரும் மிஞ்சவில்லை. அதற்குப் பிறகு எந்த ஊர் கூப்பிட்டாலும் போய் ஆடினார். அண்ணன் கூப்பிட்டதும் ஒரு தோள்பையோடு மாயாபந்தரில் வந்து இறங்கினார்.

என் அம்மாவும் அதே மலைத்தோட்டத்துக்காரிதான். சின்னப் பெண்ணாகக் கப்பலில் வந்து கச்சாலில் இறங்கி, கல்யாணமாகி வடக்கே வந்தவள். முதல் வியாழக்கிழமை தேங்காய்ப்பூ போட்ட ரொட்டியும் மாசிச் சம்பலும் செய்து வைத்தாள். தட்டைப் பார்த்ததும் மருதை கொஞ்ச நேரம் கையே வைக்கவில்லை.

"என்ன தம்பி, ஒறைக்கும்னு பாக்குறீங்களா?"

"இல்ல அத்த. எங்கம்மா செய்ற மாதிரியே இருக்கு."

அத்தை என்றுதான் கூப்பிட்டார். பிஸ்வாஸ் தாதா மனைவியை அவர்கள் பாஷையில் பௌதி, அதாவது அண்ணி, என்றார், எஸ்தர் அக்காவை அக்கா என்றார், என் அம்மாவை மட்டும் அத்தை என்றார். அதில் எனக்கு உண்டான சந்தோஷத்தை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இப்போது உங்களிடம் சொல்கிறேன். என் வீட்டுக்காரர் இதைப் படிக்க மாட்டார். அவருக்குக் கிரிக்கெட் பிடிக்காது. அதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

அந்த மழைக்காலத்தில் போர்ட் பிளேயரிலிருந்து, போட்டி நடத்துகிறவர்கள் ஒரு புது விதி சொன்னார்கள். சொந்த மைதானம் உள்ள ஊர்தான் இனிமேல் அணி வைத்துக்கொள்ளலாம். மழை விட்டதும் ஆள் அனுப்பிப் பார்ப்போம். மைதானம் சரியில்லையென்றால் அந்த ஊர் அணி கலைந்தது, அதன் ஆட்டக்காரர்கள் யாரோடு வேண்டுமானாலும் போகலாம். போனை வைத்துவிட்டு வெளியே வந்த அண்ணன் முகம் செத்திருந்தது. வராந்தாவில் இருந்த எல்லோரும் மருதையைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அணி போனால் அவரும் போய்விடுவார் என்பது அந்த வராந்தாவில் என்னைத் தவிர எல்லோருக்கும் கிரிக்கெட் கவலை.

எந்த இடத்தில் மைதானம் என்பதற்கே பாதி மழை போய்விட்டது. மேட்டுப் பக்கம் தண்ணீர் நிற்காது, ஆனால் பாம்பு. பள்ளிக்கூடத்து இடம் சமதளம், ஆனால் ஹெட்மாஸ்டர் தர மாட்டார். கடைசியில் ஜெட்டிக்குப் பக்கத்தில் கடலைப் பார்த்த இடத்தைப் பிடித்தார்கள். கப்பலில் வருகிறவர்கள் இறங்கும்போதே மைதானம் தெரிய வேண்டும் என்று அண்ணனுக்கு ஆசை.

பிட்ச் போடும் பொறுப்பு பிஸ்வாஸ் தாதாவுக்கு. தாதா நெல் விவசாயி; தன் வயலிலிருந்தே களிமண் கொண்டுவந்து கொட்டினார். களி ரொம்ப ஒட்டுகிறது, கொஞ்சம் மணல் கலக்கலாம் என்றார்கள். மணலுக்கு எங்கே போவது? எங்கள் ஊரில் வீடு, படிக்கட்டு, கோவில் சுவர் என்று எல்லாமே கடல் மணலில் கட்டியதுதான். யாருக்கும் வேறு யோசனையே வரவில்லை. ஊர் மொத்தமும் கடற்கரையிலிருந்து சட்டி சட்டியாகச் சுமந்தது. நானும் பூத்தை மூடிவிட்டுப் போய்ச் சுமந்தேன். மருதை என் தலையிலிருந்து சட்டியை இறக்கி வைப்பார். நான் வேண்டுமென்றே சட்டியை நிறைய நிரப்பினேன்.

பிட்ச் போட்டாயிற்று. இனி ஒரு சொட்டு மழை படக் கூடாது என்று தார்ப்பாய் போட்டு மூடினார்கள். அந்தத் தார்ப்பாயை நாங்கள் பார்த்துக்கொண்டது மாதிரி கைக்குழந்தையைக்கூட யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். காற்றில் ஓரம் தூக்கினால் ஓடிப் போய்க் கல் வைப்பார்கள். மருதை காலையிலும் மாலையிலும் போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வருவார். "இங்க பர்மனென்ட்டா இருந்துரலாம்னு பாக்கறேன்" என்று ஒருநாள் எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னார். அம்மா இன்னொரு ரொட்டி போட்டாள். நான் தண்ணீர் எடுக்கப் போவது போல உள்ளே போய்விட்டேன்.

மழை விட்டது. போர்ட் பிளேயரிலிருந்து வெள்ளை ஷூ போட்ட ஒருவர் வந்தார். ஊரே கூடி நின்றது. அண்ணனும் தாதாவும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தார்ப்பாயை விலக்கினார்கள். பிட்ச் முழுக்க வெள்ளையாகப் பூத்திருந்தது. அவர் குனிந்து கட்டைவிரலால் அழுத்தினார். விரல் உள்ளே போனது. விரலை நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"தாதா, பிச் பனாயா யா அச்சார்?"

பிட்ச் போட்டீர்களா, ஊறுகாய் போட்டீர்களா என்று கேட்டார். ஒரு ஆளும் சிரிக்கவில்லை. கடல் மணலில் இருந்த உப்பு, காற்றில் இருக்கிற ஈரத்தையெல்லாம் இழுத்து வைத்துக்கொண்டிருந்தது. திறந்து போட்டிருந்தால் மழையே அந்த உப்பைக் கழுவிக்கொண்டு போயிருக்கும். அலட்சியமான ஊராக இருந்தால் எங்களுக்கு மைதானம் கிடைத்திருக்கும். பொத்திப் பொத்தி வைத்துத்தான் கெடுத்தோம்.

அணி கலைந்தது. ஆனால் மருதை போகவில்லை. இனி அவர் ஆடுவதற்கு அணி இல்லை, இருந்தாலும் பாரி நடந்தது. போகச் சொல்ல ஊருக்கு வாய் வரவில்லை. போகிறேன் என்று சொல்ல அவருக்கும் வரவில்லை. தினமும் மண்வெட்டியோடு போய் அந்த உப்பைச் சுரண்டிக்கொண்டிருந்தார். அடுத்த மழைக்குத் திறந்து வைத்தால் சரியாகிவிடும் என்பார். கேட்பவர்கள் தலையாட்டுவார்கள்.

அப்புறம் அந்த போன் வந்தது. போர்ட் பிளேயரில் ஒரு பெரிய அணி. நான்தான் எடுத்தேன், நான்தான் ஆள் அனுப்பி அவரைக் கூப்பிட்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று "ஜி, ஜி" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் "அவுர் கானா?" என்று சாப்பாட்டைப் பற்றி அவர் கேட்டது என் காதில் விழுந்தது. வெளியே வந்தார்.

"வேல குடுக்கறாங்களாம். ரூமும் உண்டாம்."

"சாப்பாடு?"

"மெஸ்ஸாம்."

"நல்லதுதான" என்றேன்.

"நல்லதுதான்" என்றார்.

வெளியிலிருந்து வந்த போன் காலுக்கு பில் கிடையாது. இருந்தாலும் நான் மிஷினையே பார்த்துக்கொண்டிருந்தேன். போகாதீங்க என்று சொல்ல என்னிடம் என்ன இருந்தது? ஒரு ஸ்டூலும், உப்புப் பூத்த ஒரு மைதானமும்தான். குடும்பத்தையே கடலுக்குக் கொடுத்துவிட்டு நிற்கிற மனிதனுக்கு வேலை வருகிறது, குறுக்கே நிற்பதா? ஆனால் அவர் போகக் கூடாது என்றுதான் நினைத்தேன். உள்ளூர நான் நினைத்தது அது ஒன்றுதான்.

கிளம்புவதற்கு முன்னால் முறைப்படி எல்லா வீட்டிலும் உட்கார்ந்தார். பௌதி மீன் வைத்தாள், ராஞ்சி வீட்டில் அரிசி மாவுப் பிட்டா, எஸ்தர் அக்கா வீட்டில் நப்பி. எல்லாவற்றையும் சாப்பிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஊரைச் சுற்றினார். எங்கள் வீடு கடைசி. காலையில் பஸ் ஏறும் முன் வருவதாகச் சொல்லியிருந்தார். அம்மா ரொட்டி தட்டி, சம்பல் இடித்து, தட்டை மூடி வைத்திருந்தாள். அவர் பையோடு வாசலிலேயே நின்றார்.

"இன்னைக்கு வேணாம் அத்த. இருக்கட்டும்."

"ஏன் தம்பி, வயிறு சரியில்லையா?"

"வயிறெல்லாம் சரியாத்தான் இருக்கு அத்த. சாப்ட்டா முடிஞ்சிரும்ல."

பஸ் ஹாரன் அடித்தது. அம்மா மூடிய தட்டை உள்ளே எடுத்துக்கொண்டு போனாள். அந்த ரொட்டியை நான் மத்தியானம் சாப்பிட்டேன்.

அவர் போர்ட் பிளேயரில் ஆடினார், பிறகு மெயின்லேண்ட் போனார் என்று கேள்விப்பட்டேன். எனக்குக் கல்யாணமாகிக் கராச்சர்மா வந்தேன். எல்லோர் கையிலும் போன் வந்ததும் பூத் போயிற்று. வராந்தாத் தகரத்தை யாரோ கழற்றிக்கொண்டு போனார்கள். கடலைப் பார்த்த அந்த இடத்தில் இப்போது ஜல்லி குவித்து வைத்திருக்கிறார்கள். பிஸ்வாஸ் தாதா காலமாகிவிட்டார். வெளியூர் ஆட்டக்காரர் யாராவது வந்தால் லாட்ஜில் தங்கி, ஹோட்டலில் சாப்பிட்டுவிட்டுப் போகிறார். பாரி என்றால் என்னவென்று என் மகளுக்கே தெரியாது. அம்மாவும் போய்விட்டாள். அண்ணன் டிக்ளிப்பூர் பக்கம் போய்விட்டதால் வீடு பூட்டிக் கிடக்கிறது.

அம்மா இறந்த வருட மழையில் எஸ்தர் அக்கா போன் பண்ணினாள். மருதை வந்திருந்தாராம். வியாழக்கிழமை பார்த்துத்தான் வந்திருக்கிறார். பூட்டுக்கு முன்னால் நின்றவரிடம் அக்கா விஷயத்தைச் சொல்லி, மழையில் நிற்க வேண்டாம், வா, சாப்பிட்டுப் போ என்று கூப்பிட்டிருக்கிறாள்.

"ஒங்க வீட்லதான் அன்னைக்கே சாப்ட்டுட்டேனே அக்கா. இந்த வீட்லதான் பாக்கி" என்றாராம்.

கொஞ்ச நேரம் நின்றுவிட்டு ஜெட்டிப் பக்கம் நடந்து போய்விட்டார். நான் எங்கே இருக்கிறேன் என்று அவர் கேட்கவில்லையாம். எஸ்தர் அக்காவும் சொல்லவில்லை. எனக்கும் அந்த ரொட்டி தட்டத் தெரியும், நான் தட்டிப் போட்டால் அந்தப் பாக்கி தீர்ந்துவிடும் என்பது அவளுக்குத் தெரியும்.