துண்டுப் படமும் ஒரு கறுப்புக் கோட்டும்

முதலில் சொன்னபடி கேட்காமல் போனது கத்தரிக்கோல்.

மதுரை புது மண்டபத்தில், தையல்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும் பக்கத்தில், நானும் என் மனைவியின் அண்ணன் காதர் மைதீனும் ஒரே இடத்தில் தொழில் செய்தோம். யுத்தத்துக்கு முந்திய வருஷங்கள். துணி வெட்டுவது நான், மிஷினில் ஓட்டுவது மச்சான். அன்று ஒரு வக்கீல் குமாஸ்தாவின் சட்டைக்குக் கைத்துணி வெட்டிக்கொண்டிருந்தேன். சாக்கட்டியால் போட்ட கோடு வளைந்தது. கத்தரிக்கோல் வளையாமல் நேரே போய் முதுகுத் துணியையும் சேர்த்துத் தின்றது.

எனக்குச் சிரிப்பு வந்தது. முகத்தின் பாதி மட்டும் சிரித்தது.

"ஒரு பக்கமாச் சிரிக்கிறீகளே மாப்ள, மறு பக்கத்துக்கு யார் மேல கோவம்?" என்றார் மச்சான்.

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். கஞ்சி கொதிப்பதுபோல ஒரு சத்தம் வந்தது. இங்கே என் பழைய பெருமை ஒன்றைச் சொல்ல வேண்டும். வாடிக்கைக்காரர்களைப் போலப் பேசிக் காட்டுவதில் எனக்கு அந்த வரிசையில் போட்டியே கிடையாது. வாய் நிறைய வெற்றிலையோடு பேசும் ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர் என் சிறந்த படைப்பு. ஆகவே என் நாக்கு குழறியதும் எல்லோரும் மிஷினை நிறுத்திவிட்டு, தாசில்தார் வந்துவிட்டார் என்று சிரித்தார்கள். கால் மடங்கி விழுந்தேன். அதற்கும் ஒருவர் கை தட்டினார். மச்சான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "போதும் மாப்ள, எந்திரிங்க, வலிக்குது" என்றார்.

வலித்தது அவருக்குத்தான். எனக்கு வலி இல்லை. இந்த நோயின் முதல் தந்திரமே அது. இதைப் படிக்கிறவர் வீட்டில் யாராவது திடீரென்று வாய் கோணி, சொல் குழறி, ஒரு கை தொங்கினால், அவர் எவ்வளவு பெரிய கோமாளியாக இருந்தாலும் சிரித்துக்கொண்டு நிற்காதீர்கள். வண்டி பிடியுங்கள்.

மிஷன் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என் கண்ணை விரித்துப் பார்த்தார், முழங்காலைச் சின்னச் சுத்தியால் தட்டினார், புஜத்தில் ஒரு பட்டையைக் கட்டிக் காற்றடித்தார். பக்கவாதம் என்றார் (மூளையில் ஒரு ரத்தக் குழாய் அடைபட்டோ கிழிந்தோ போனால், அதன் வசத்தில் இருக்கும் உடம்பின் ஒரு பக்கம் செயலற்றுப்போவது). காரணம் ரத்தக் கொதிப்பு (குழாய்களுக்குள் ரத்தம் அளவு மீறி அழுத்துவது). உப்பைக் குறைக்க வேண்டும், மல்லாந்து கிடக்க வேண்டும், முக்கியமாகக் கோபப்படக் கூடாது.

கால் முதலில் திரும்பி வந்தது. பிறகு பேச்சு, வழி விசாரித்துக்கொண்டு வருகிற விருந்தாளி மாதிரி. வலது கை மட்டும் வரவில்லை. விரல்கள் உள்ளங்கைக்குள் சுருண்டு, யாரும் கேட்காத எதையோ பத்திரப்படுத்தி வைத்திருந்தன. அந்தக் கைதான் என் அடுப்பு, என் வாடகை, என் பெயர். மச்சானைப்போல நூறு பேர் மிஷின் ஓட்டுவார்கள். வெட்டுக்கு என்னைத் தேடித்தான் பரவையிலிருந்தும் சோழவந்தானிலிருந்தும் துணியோடு வந்தார்கள். கை வராவிட்டால் நான் மண்டபத்தில் இன்னொரு தூண். அதிலும் சிற்பம் இல்லாத தூண்.

ஒருநாள் டாக்டரம்மா ஒரு மரப்பெட்டியைக் கொண்டுவந்தார். வெளிநாட்டிலிருந்து யாரோ பழைய கம்பளிகளோடு ஆஸ்பத்திரிக்கு அனுப்பியது. உள்ளே பலகையில் ஒட்டிய ஒரு வர்ணப் படத்தை நெளிநெளியாக அறுத்துப் போட்டிருந்தார்கள். ஜிக்சா என்று அதற்குப் பெயராம். நாங்கள் துண்டுப் படம் என்றோம். என்ன படம் என்று பெட்டி மூடியில் ஒரு குறிப்பும் இல்லை.

"இதை வலது கையால மட்டும் சேருங்க. இடது கை தொடக் கூடாது. படம் முக்கியமில்லை, விரல்தான் முக்கியம்" என்றார்.

வெட்டிச் சேர்ப்பதே என் பிழைப்பு என்பதால் இது எனக்கு வெல்லம் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து, வெட்டுப் பலகையைக் கட்டிலில் வைத்து, முதல் துண்டை எடுக்கப் போனேன். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சம்பந்தம் முறிந்த இரு வீட்டார்போல ஒன்றையொன்று பார்க்க மறுத்தன. துண்டை இழுத்தால் பலகையோடு வந்தது. தூக்கினால் போர்வைக்குள் விழுந்தது. இரண்டு துண்டுகள் ஒன்றோடொன்று 'டக்' என்று உட்கார்ந்தபோது மதியச் சாப்பாடு ஆறிப்போயிருந்தது. அந்தச் சத்தத்துக்கு நான் அழுதேன் என்று என் மனைவி ஜெய்னம்பு சொல்வாள். வியர்வை என்று நான் சொல்வேன்.

மெல்ல மெல்ல நாய்க்காதுகள் வந்தன. குதிரைக் குளம்புகள் வந்தன. பிறகு சிவப்புக் கோட்டுகள். வெள்ளைக்காரத் துரைகள் கூட்டமாகக் குதிரையேறி ஒரு நரியைத் துரத்துகிறார்கள். சேணத்தில் உட்கார்ந்தாலும் கசங்காதபடி கோட்டின் பின்புறத்தைப் பிளந்து வெட்டியிருந்த அந்தப் பெயர் தெரியாத சீமைத் தையல்காரருக்கு மனதுக்குள் சலாம் வைத்தேன். ஜெய்னம்பு பார்த்துவிட்டு, "ஒரு நரியைப் பிடிக்க இம்புட்டு உடுப்பா?" என்றாள்.

எங்களில் நோய் விசாரிக்கப் போவது கடமை. நன்மை எழுதப்படும். ஆகவே தெருவே வந்தது. வந்தவர்கள் சும்மா உட்காருவார்களா? சீக்காளி தடுமாறுவதைப் பார்த்து மனம் பொறுக்காமல், ஆளுக்கு ஒரு துண்டை எடுத்து வைத்துவிட்டு, துஆச் செய்துவிட்டுப் போனார்கள். பக்கத்து வீட்டு ஹாஜியார் பொருந்தாத ஒரு துண்டைப் பொருந்தும்வரை முஷ்டியால் குத்தினார். ஒரு நாய்க்குக் குதிரை வால் முளைத்தது. வேண்டாம் என்று சொல்ல என் நாக்கு புறப்படுவதற்குள் வேலை முடிந்திருக்கும். என் கைக்குக் கொடுத்த கசப்பு மருந்தைத் தெருவே பங்கு போட்டுக் குடித்து எனக்கு ஒத்தாசை செய்தது.

மீதியை மச்சான் முடித்தார். ஒரு வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து வந்தவர், சப்பணம் போட்டு உட்கார்ந்தார். ஒரு கையில் தேநீர். மறு கை ஆகாயத்தையும் மரங்களையும் பொரி கொறிப்பதுபோல எடுத்து எடுத்துப் போட்டது. தேநீர் தீருவதற்குள் படம் தீர்ந்தது.

"இம்புட்டுத்தானே மாப்ள. இதுக்கா இத்தனை நாளு?"

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போகும் முறை. ஜெய்னம்பு படத்தைப் பலகையோடு துணியில் இறுக்கிக் கட்டி ஜட்காவில் மடியில் வைத்துக்கொண்டாள். மச்சானும் ஏறிக்கொண்டார். டாக்டரம்மா துணியை விலக்கிப் பார்த்து முகம் மலர்ந்து, "எல்லாம் நீங்களே சேர்த்ததா?" என்று என்னைக் கேட்டார். 'இல்லை' என்ற சொல் என் தொண்டையில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது மச்சான் முந்திக்கொண்டார்.

"மாப்ளதாம்மா. கை பழைய மாதிரி ஆயிருச்சு. கடைக்கு வரட்டுமா?"

கொஞ்ச நேரம் போகலாம், பளு வேண்டாம் என்றார் டாக்டரம்மா. நோயாளிகளே, நாக்கு எவ்வளவு தாமதமானாலும் டாக்டரின் கேள்விக்கு நீங்களே பதில் சொல்லுங்கள். சொந்தக்காரர்கள் உங்களை விட்டுக்கொடுக்காமல் பேசுவார்கள். அதுதான் ஆபத்து.

கடைக்குப் போனேன். நான் வெட்டும் இடத்தில் மச்சானின் மிஷின் இருந்தது. என் கத்தரிக்கோல் அவர் கைக்கருகே இருந்தது. வரிசை முழுக்க எழுந்து நின்று சலாம் சொன்னது. ஒரு வாடிக்கைக்காரர் ஜிப்பாத் துணியை நீட்டினார். கத்தரிக்கோலை எடுத்தேன். தரையில் அது விழுந்த ஓசை எல்லா மிஷினையும் நிறுத்தியது.

மச்சான் குனிந்து எடுத்தார். எனக்குத் தரவில்லை. தன் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"விடுங்க மாப்ள. வெட்டை நான் பாத்துக்கிறேன். நல்ல சோழவந்தான் வெத்தலையா வாங்கித் தாரேன், வர்றவுகளுக்கு மடிச்சுக் குடுங்க. உக்காந்து பாக்குற வேலை, கவுரவமா இருக்கும்."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் மன்னித்திருப்பேன்.

வீட்டுக்கு வந்ததும் அந்தப் படத்தைப் பலகையோடு கவிழ்த்தேன். குதிரை, நாய், துரை எல்லாம் கட்டிலில் சிதறின. அளவெடுக்கும் இஞ்சி டேப்பை எடுத்து என் இடது கையைக் கட்டில் காலோடு கட்டச் சொன்னேன்.

ஜெய்னம்பு டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "எங்கண்ணன் மேல கோவமா?"

"கோவப்படக் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காகளே. கோவமில்லை. பழி."

அவள் கட்டினாள். அன்றிலிருந்து வாசலில் உட்கார்ந்து, விசாரிக்க வந்தவர்களை எல்லாம் அங்கேயே விசாரித்து அனுப்பினாள்.

வைத்தியப் புத்தகங்களில் இது இருக்காது, அதனால் நான் எழுதுகிறேன். அன்பு, ஆறுதல், துஆ எல்லாம் நோயாளியைப் படுக்கையில் வசதியாக வைத்திருக்கும். எழுப்பி உட்காரவைக்க நல்ல எதிரி ஒருவர் வேண்டும். எனக்கு வீட்டுக்குள்ளேயே கிடைத்தார். படத்தில் ஒரு தடித்த துரை குதிரையிலிருந்து விழுந்துகொண்டிருந்தார். அவரை மச்சான் என்று வைத்துக்கொண்டேன். அவரை மட்டும் திரும்பத் திரும்பப் பிரித்து, திரும்பத் திரும்ப விழவைத்தேன். விரல்களுக்கு அதைப்போலப் பயிற்சி கிடையாது.

வைகை வற்றி மறுபடி வெள்ளம் வந்தது. ஆகாயம்தான் கடைசி. ஒரே நீலம், எந்தத் துண்டும் எந்தத் துண்டையும் போல. அதையும் முடித்தேன். என் வலது கையால், ஹாஜியாரின் முஷ்டி படாமல். பிறகு பொத்தான் பொறுக்கினேன், சாக்கட்டியால் கோடு போட்டேன், பழைய பத்திரிகைத் தாளை வெட்டினேன், கிழிந்த வேட்டியை வெட்டினேன். வெளியே யாரிடமும் சொல்லவில்லை. கடைக்குப் போய் வெற்றிலை மடித்தேன். நேர்த்தியாக மடிக்காமல் பார்த்துக்கொண்டேன்.

மச்சான் மகளுக்கு நிக்காஹ் குறித்தார்கள். எங்கள் வரிசையில் ஒரு பழக்கம்: தையல்காரன் தன் உடம்புக்குத் தானே வெட்டிக்கொள்ள மாட்டான், இன்னொருவன் வெட்ட வேண்டும். ஜெய்னம்பு சபை நடுவே, அண்ணனின் கல்யாணக் கோட்டு எங்கள் வீட்டு அன்பளிப்பு என்று அறிவித்துவிட்டாள். மச்சானால் மறுக்க முடியவில்லை. வேறு ஆளிடம் கொடுத்துத் தைத்துத் தருவேன் என்று நினைத்திருப்பார். அளவெடுக்கும்போது என் கையை வேண்டுமென்றே நடுங்கவிட்டேன்.

வெட்டுவதற்கு முன் ஜெய்னம்பு ஒன்றே ஒன்று சொன்னாள். "என்ன வேணும்னாலும் செய்யுங்க. கல்யாணம் மட்டும் நின்னுறக் கூடாது."

கறுப்பு அல்பாக்காத் துணியில் முழங்கால்வரை வரும் நீளக் கோட்டு. ஒட்டுத் தையல் போட்டு மச்சானுக்கு மாட்டிப் பார்த்தபோது சரியாக இருந்தது. பிறகு வலது அக்குளை மட்டும் இரண்டு விரல் கீழே இறக்கி, கைத்துணியை அதற்கேற்ப ஒடுக்கி முடித்தேன். நின்றால் நவாபு. கையைத் தொங்கவிட்டால் நவாபு. வலது கையை நெஞ்சுக்கு மேலே தூக்க முடியாது. நிக்காஹ் அன்று ஜனம் கூடிய பிறகே கொடுத்தனுப்பினேன். மாற்றுக் கோட்டுக்கு நேரமில்லை. சம்பந்திகள் முன்னால் வெறும் சட்டையோடு நிற்க எந்தப் பெண்ணின் அத்தாவுக்கும் துணிவு வராது.

எல்லோரும் கோட்டைப் புகழ்ந்தார்கள். பந்தியில் சம்பந்திக்குப் பக்கத்தில் மச்சானை உட்காரவைத்தார்கள். எனக்கு நேர் எதிரே. பிரியாணி வந்தது. மச்சான் பிஸ்மி சொல்லி ஒரு கவளம் எடுத்தார். கை பாதி வழியில் நின்றது. இன்னொருமுறை முயன்றார். வாயைக் கையை நோக்கிக் குனித்தார், கழுத்துப்பட்டி பிடித்து நிறுத்தியது. இடது கையால் சாப்பிட்டால் சபை என்ன சொல்லும்? கவளத்தை இலையில் வைத்துவிட்டு, விருந்தாளிகள் சாப்பிடுவதைப் பார்ப்பதே தனக்கு வயிறு நிறைந்ததுபோல என்று சம்பந்தியிடம் சொன்னார். "இப்படி ஒரு மனுசனா" என்று சம்பந்தி உருகிப்போனார்.

எனக்கு இரக்கம் வந்ததா என்று கேட்பீர்கள். எலும்புத் துண்டு இன்னொன்று போடச் சொன்னேன்.

மச்சான் என்னைப் பார்த்தார். தன் வலது அக்குளைப் பார்த்தார். இடது அக்குளைப் பார்த்தார். அவரும் தையல்காரர் அல்லவா? கை தவறி வெட்டியிருந்தால் வெளியே எங்காவது சுருக்கம் விழுந்திருக்கும். இதில் ஒரு சுருக்கம் இல்லை. தண்ணீர் ஊற்றுகிற சாக்கில் என் பக்கம் குனிந்து, உதடு அசையாமல் சொன்னார்.

"இது உங்க வெட்டுதான் மாப்ள. கை வந்துருச்சு. திங்கக்கிழமை கத்தரிக்கோலை எடுத்துக்கங்க."

நான் பதில் சொல்லவில்லை. இந்தமுறை நாக்கின் தாமதத்தால் அல்ல. வாயில் சோறு இருந்தது.

பந்தி எழுந்துவிட்டது. இலையை எடுக்க வந்தவர் எனக்காக நின்றார். முன்பெல்லாம் நான்தான் முதலில் எழுவேன். இப்போது, கவளத்தைத் தொடுவது ஒரு வேலை, விரல்களைக் கூட்டுவது ஒரு வேலை, தூக்குவது ஒரு வேலை, வாய் இருக்குமிடத்தை ஞாபகம் வைத்துக்கொள்வது ஒரு வேலை. கை என்னுடையதுதான். ஆனால் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கிறது, அது யோசித்துத்தான் தருகிறது. அதற்குள் ஒரு சாதாரணச் சோற்றுப் பருக்கையில் நெய், ஏலம், கிராம்பு என்று வரிசையாக எல்லாம் தெரிகிறது. அவசரப்பட வேண்டாம் என்று அவரிடம் சைகை காட்டினேன். எதிரே மச்சான் பட்டினியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த கவளத்தை இன்னும் கொஞ்சம் மெதுவாக எடுத்தேன்.