கடையைத் தாண்டும் வேகம்

திரைச்சீலை தைக்கும் கடையில் அவருக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர். மரியாதைக்கு வைத்ததில்லை. பூங்காவைச் சுற்றி அவர் ஓடும்போது, தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துத் தள்ளிவரும் பெண்களே அவரைத் தாண்டிப் போய்விடுவார்கள். அந்தக் கண்கொள்ளாக் காட்சியைப் பார்த்துவிட்ட கட்டிங் மாஸ்டர் மறுநாளே பெயர் சூட்டிவிட்டார். ஐம்பதை நெருங்குகிற மனுஷனுக்கு என்ன ஓட்டம் வேண்டிக்கிடக்கிறது என்று கேட்காதவர்கள் இல்லை. சிரித்து மழுப்பிவிடுவார்.

காரணம் அவருக்கும் அவர் மனைவிக்கும்தான் தெரியும். மாலை ஆறு மணியானால் அவருக்கு நாக்கு வறளும். பல வருஷம் அந்த நேரத்தில் அவர் கால்கள் தெருமுனை மதுக்கடைக்குத்தான் போயின. அதனால் அந்தக் குடும்பம் பட்ட பாடு சொல்லி மாளாது. ஒருவழியாகக் குடியை விட்ட பிறகு, அந்த ஒரு மணி நேரத்தை என்ன செய்வதென்றுதான் அவருக்குத் தெரியவில்லை. ஷூவை மாட்டிக்கொண்டு ஓடினார். பூங்காவுக்குப் போக அந்த மதுக்கடை வாசலை விட்டால் வேறு வழி கிடையாது. எக்ஸ்பிரஸ் நிஜமாகவே எக்ஸ்பிரஸாக ஓடியது அந்த வாசலில் மட்டும்தான். தாண்டியதும் பழையபடி ஆமை நடை.

ஓடுகிறவர்களுக்கென்றே ஒரு கிறுக்கு உண்டு. உடம்பு ஒத்துழைக்கிற நாளில் வீடு திரும்ப மனசு வராது. இன்னும் ஒரே ஒரு சுற்று என்று போய்க்கொண்டே இருப்பார்கள். மழை ஓய்ந்த ஒரு மாலையில் அவருக்கும் அப்படி வாய்த்தது. கால் தரையில் படுவதே தெரியவில்லை. வாழ்க்கையில் முதன்முறையாக ஒருவரை முந்தினார். முந்தப்பட்டவர் ஒரு வங்கி மேனேஜர் என்பதில் இரட்டிப்புச் சந்தோஷம். அன்றைக்கே ஊர்ப் பந்தயம் ஒன்றுக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்து, மனைவியிடம் சின்னப் பிள்ளை மாதிரி சொல்லிச் சொல்லி மாய்ந்தார்.

மறுநாள் முழங்கால் வீங்கிவிட்டது. தையல் மெஷின் பெடலை மிதிக்கும் ஒவ்வொரு தடவையும் உயிர் போயிற்று.

“ரெண்டு மாசத்துக்கு ஓட்டம்ங்கிற பேச்சே கூடாது. மெதுவா நடங்க, போதும்” என்றார் டாக்டர்.

நடப்பதாமே! பட்ட காலிலே படும் என்று தெரிந்தும், அன்று மாலையே நொண்டிக்கொண்டு ஓடினார். மனைவி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த நாள் அவர் வேலை முடிந்து வந்தபோது ஷூவைக் காணவில்லை.

“ஷூ எங்க?”

“இருக்கு.”

“மணி ஆறாகப் போகுது. விளையாடாத. உனக்குப் புரியல.”

“உங்க காலைப் பாத்தீங்களா? புரியாமலா எடுத்து வெச்சேன்?”

கட்டிலுக்கு அடியில் பார்த்தார். தண்ணீர் டிரம்முக்குப் பின்னால், சிலிண்டருக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினார். ஒரு காலத்தில் இதே கை, இதே இடங்களில், அவள் எடுத்து மறைத்த பாட்டிலைத் தேடியிருக்கிறது. அந்த நினைப்பு வந்ததும் அவருக்குத் தன் மேலேயே பயம் வந்துவிட்டது. இன்றைக்கு ஓடவில்லையென்றால் எங்கே போய் நிற்போம் என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

பீரோவுக்கு மேல் துண்டுத் துணி மூட்டை இருந்தது. கடையில் வெட்டி மிஞ்சியதை அவர்தான் கொண்டுவந்து சேர்த்தது. குடித்த நாட்களில், பாட்டில்கள் ஒன்றோடொன்று மோதிச் சத்தம் வராமல் இருக்க, வெல்வெட் துண்டில் ஒவ்வொன்றாகச் சுற்றி அதற்குள்தான் வைப்பார். அந்த இடம் ஈ காக்காய்க்குக்கூடத் தெரியாது என்று நம்பிக்கொண்டிருந்தார். இப்போது மூட்டையை இழுத்துப் பிரித்தார். வெல்வெட்டில் தனித்தனியாகச் சுற்றி இரண்டு ஷூவும் உள்ளே இருந்தன.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“இது உனக்கு எப்பத் தெரியும்?”

“எப்பவுமே தெரியும்.”

“அப்ப அதையும் எடுத்துக் கொட்டியிருக்கலாமே?”

“கொட்டியிருந்தா வெளிய போய்க் குடிச்சிருப்பீங்க. இங்க ஒண்ணு இருந்தா வீட்டுலயாவது கிடப்பீங்கன்னு விட்டுட்டேன்.”

அவர் அழுதார். ஷூவை மடியில் வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதார். அவள் தேற்றவில்லை. அவள் அழவேண்டியதையெல்லாம் என்றோ அழுது முடித்துவிட்டாள்.

“மாட்டிக்கங்க. நடக்கலாம், நானும் வரேன்” என்று செருப்பைத் தேடினாள்.

“அந்தக் கடையை நான் நடந்து தாண்டினதே இல்ல.”

“தெரியும். வாங்க.”

கடை விளக்கு தூரத்திலேயே தெரிந்தது. பிறகு வாசனை வந்தது. உள்ளேயிருந்து பழக்கமான குரல் ஒன்று, “அண்ணே, ஆளையே காணோமே!” என்றது. ஓடிவிடலாம் என்று காலை எட்டி வைத்தார். முழங்காலில் சுரீர் என்றது. சரியாகக் கடை வாசலில், ஒற்றைக் காலில் நின்றார். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அவள் அவர் மணிக்கட்டை வலிக்கும்படி பிடித்தாள். இழுக்கவில்லை. அவராகக் காலை எடுத்து வைக்கும்வரை நின்றாள். ஓடும்போது கண்மூடித் திறப்பதற்குள் போய்விடுகிற வாசல், நடக்க நடக்க முடிவதாக இல்லை.

தாண்டிய பிறகு சட்டை முழுக்க வியர்வை. பந்தயத்தில்கூட அப்படி வியர்த்திருக்காது. விளக்குக் கம்பத்தில் சாய்ந்துகொண்டு மூச்சு வாங்கினார்.

“திரும்பி வரதும் இதே வழிதானே?” என்றார்.

“ஆமா” என்றாள். பிடித்த கையை அவள் இன்னும் விடவில்லை.